பதினான்கு ஜெராக்ஸ் நகல்கள்: வேலூருக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்கூட்டர் வாங்கக் கடன் கேட்டுப் போன இடத்தில்தான் எனக்கு ஏற்கெனவே ஒரு கடன் இருப்பது தெரிந்தது. 18,500 ரூபாய். நான் கேள்விப்பட்டே இராத ஒரு செயலி வழியாக, என் பெயரில், என் பான் எண்ணில் வாங்கப்பட்டு, ஐந்து மாதமாகத் தவணை கட்டாமல் கிடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "பழைய பாக்கியை முடித்துவிட்டு வாருங்கள் மேடம்" என்றார். எந்தப் பாக்கி என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு வந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. அன்று இரவு உட்கார்ந்து, அந்த ஓராண்டில் ஆதார், பான் நகல்களை எங்கெங்கே கொடுத்தேன் என்று ஒரு தாளில் எழுதினேன். முதலில் தங்கிய பெண்கள் விடுதி, வீட்டுத் தரகர், வீட்டு உரிமையாளர், கேஸ் ஏஜென்சி, வேலை செய்யும் அலுவலகம், அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக நான்கு நாள் எடுத்த லாட்ஜ் அறை, சிம் விற்றவர், தவணைக்கு மிக்சி கொடுத்த கடை... பதினான்கு வந்தது. எந்த நகல் நழுவியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காவல் நிலையத்தில் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்.

"நமக்கு மறைக்க என்ன இருக்கிறது?" என்று பெரியம்மா கேட்பார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தக் கடனில் மறைக்க எனக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் அது என்னுடையது அல்ல என்று நிரூபிக்கும் வேலை முழுவதும் என் தலையில்தான் விழுந்தது. விடுப்பு எடுத்தது நான், வரிசையில் நின்றது நான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகத் தீர்ப்பளித்திருக்கிறார்கள். லாட்ஜ் வரவேற்பு மேசையில் நின்று அதைச் சொன்னால் அறை கிடைக்காது. எனவே, நம் ஆதாரையும் பானையும் செல்போன் எண்ணையும் பிறர் தவறாகப் பயன்படுத்தாமல் காப்பது எப்படி என்ற நடைமுறைக்கு வருவோம்.

தேவைப்படுபவை: அசல் ஆதார் அட்டை, பான் அட்டை, ஆதாரில் பதிவான சிம் இருக்கும் செல்போன், ஒரு மின்னஞ்சல் முகவரி, ஒரு நோட்டு. நோட்டு முக்கியம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குறிப்பு எண் வரும். அது தொலைந்தால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். செலவு என்று பார்த்தால், ஆதாரில் பதிவான செல்போன் எண்ணை மாற்ற வேண்டியிருந்தால் 75 ரூபாய். மற்ற எல்லாம் இலவசம். வீட்டில் இரண்டு மாலை நேரம், வெளியே ஒரு காலைப் பொழுது போதும்.

1. ஆதாரில் இருப்பது உங்கள் கையில் இருக்கும் எண்தானா?

எல்லாப் பூட்டுக்கும் சாவி ஓடிபி. அது யாருடைய செல்போனுக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்தில் செல்போன் எண்ணைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. 1947 என்ற எண்ணை அழைத்தும் உதவி கேட்கலாம். என் அம்மாவின் ஆதாரில், ஊரில் முகாம் நடந்தபோது உதவிக்கு வந்த பக்கத்து வீட்டுப் பையனின் எண் பதிவாகியிருந்தது. அந்தப் பையன் இப்போது திருப்பூரில் வேலை செய்கிறான். பத்தாண்டுகளாக அம்மாவின் ஓடிபி எல்லாம் அவனுக்குத்தான் போயிருக்கும். நல்ல பையன், அதனால் தப்பித்தோம்.

எண்ணை மாற்ற ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போகலாம். தாலுகா அலுவலக வளாகங்களிலும், சில அஞ்சலகங்களிலும், சில வங்கிக் கிளைகளிலும் மையங்கள் இருக்கின்றன. செல்போன் எண் மாற்றத்துக்கு மட்டும் என்றால் ஆவணம் எதுவும் தேவையில்லை. ஆதார் எண்ணும் உங்கள் விரலும் போதும். 2025 அக்டோபர் முதல் கட்டணம் 75 ரூபாய். கைரேகை, கருவிழிப் பதிவையும் புதுப்பித்தால் 125 ரூபாய். டோக்கன் முறை என்பதால் காலை ஒன்பது மணிக்கெல்லாம் போய்விடுவது நல்லது. வேலூர் வெயிலில் பதினொரு மணிக்கு மேல் வெளி வரிசையில் நிற்பது தண்டனை.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. வாசலில் "நான் முடித்துத் தருகிறேன்" என்று வருபவர் இருநூறு, முந்நூறு கேட்பார். கூடவே உங்கள் ஆதாரைத் தன் செல்போனில் படம் பிடித்துக்கொள்வார். அவரை விட்டு விலகி உள்ளே போங்கள். இரண்டாவது, விரல் வைப்பதற்கு முன்பு திரையில் தட்டச்சு செய்யப்பட்ட எண்ணை நீங்களே ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படியுங்கள். எனக்கு 6 இருக்க வேண்டிய இடத்தில் 9 விழுந்திருந்தது. கவனிக்காமல் விட்டிருந்தால் இன்னொரு 75 ரூபாய், இன்னொரு காலைப் பொழுது. ஒப்புகைச் சீட்டை வாங்கி நோட்டில் ஒட்டுங்கள். மாற்றம் பதிவாக ஒரு மாதம் வரை ஆகலாம்.

ஊர் மாறும்போது பழைய சிம்மைத் தூக்கி எறிபவர்களுக்கு ஒரு வார்த்தை. இணைப்பு துண்டிக்கப்பட்ட எண் 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். ஆதார், வங்கி, பிஎஃப், மின்னஞ்சல் எல்லாவற்றிலும் புது எண்ணைப் பதிந்து முடித்த பிறகே பழையதைக் கைவிடுங்கள்.

2. உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது?

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்துக்குப் போங்கள். முகவரியின் முடிவில் ஜி.ஓ.வி. டாட் இன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே நுழையுங்கள். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். உங்கள் எண்ணைக் கொடுத்து ஓடிபி இட்டால், உங்கள் பெயரில் இருக்கும் இணைப்புகளின் பட்டியல் வரும். நடுவில் சில இலக்கங்கள் மறைக்கப்பட்டிருக்கும். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9 இணைப்புகள் இருக்கலாம்.

எனக்கு நான்கு காட்டியது. ஒன்று என்னுடையது. ஒன்று நான் வாங்கி அம்மாவுக்குக் கொடுத்தது. மீதி இரண்டு யாருடையது என்று தெரியாது. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'என் எண் அல்ல', 'தேவையில்லை', 'தேவை' என்ற பொருளில் மூன்று தெரிவுகள் இருக்கும். தெரியாத எண்ணுக்கு முதலாவதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். அவசரத்தில் 'தேவையில்லை' என்பதை அம்மாவின் எண்ணுக்கு எதிரே அழுத்திவிடாதீர்கள். ஊரில் தனியாக இருப்பவரின் செல்போன் ஊமையாகிவிடும். அனுப்பியதும் வரும் குறிப்பு எண்ணை நோட்டில் எழுதுங்கள். என் பட்டியலில் ஒரு சிம் மூன்று வாரத்தில் நீங்கியது. இன்னொன்றுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இடையில் இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.

இந்தக் கூடுதல் சிம்கள் எப்படி முளைக்கின்றன? சாலையோரத்தில் குடை விரித்து சிம் விற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். விரல் வைக்கச் சொல்வார். "பதியவில்லை, இன்னொரு முறை வையுங்கள்" என்பார். மறுபடி வைப்பீர்கள். முதல் முறையே பதிந்திருந்தால், இரண்டாவது விரல் வேறொரு சிம்முக்கு. எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. ஆனால் நாடு முழுவதும் காவல் துறை கண்டுபிடித்த தந்திரம் இது. பெரிய மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில், வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து இறங்கும் நோயாளிகளின் உறவினர்கள் பெட்டியும் கையுமாக நின்று சிம் வாங்குவதைத் தினமும் பார்க்கிறேன். மொழி தெரியாது, அவசரம் வேறு. இரண்டாம் முறை விரல் கேட்டால், முதல் முறை தோற்றதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் நிறுவனத்தின் சொந்தக் கடைக்கே போய் வாங்குங்கள். இரண்டு நாள் கழித்து இந்தத் தளத்தில் எண்ணிக்கையைப் பாருங்கள். உங்கள் பெயரிலுள்ள சிம்மில் ஒரு மோசடி நடந்தால், காவலர்கள் முதலில் தட்டும் கதவு உங்களுடையதுதான்.

3. முழு ஆதாரைக் கொடுப்பதை நிறுத்துங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

மை ஆதார் தளத்தில் ஓடிபி கொடுத்து நுழைந்து, ஆதாரைப் பதிவிறக்கும் இடத்துக்குப் போங்கள். அங்கே 'மாஸ்க்டு ஆதார்' வேண்டுமா என்று ஒரு சிறிய கட்டம் இருக்கும். அதில் குறியிட்டுப் பதிவிறக்கினால், 12 இலக்கங்களில் முதல் எட்டு மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும் பிரதி கிடைக்கும். இதுவும் ஆதார் ஆணையமே தரும் செல்லுபடியாகும் ஆவணம்தான்.

அந்தக் கோப்பைத் திறக்கக் கடவுச்சொல் வேண்டும். நம் ஊர்க்காரர்கள் பாதிப்பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஆதாரில் உள்ளபடி பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தில் இட்டு, அதை அடுத்துப் பிறந்த ஆண்டை இட வேண்டும். உங்கள் இனிஷியல் பெயருக்கு முன்னால் புள்ளியோடு அச்சாகியிருந்தால், அந்தப் புள்ளியும் ஓர் எழுத்தாகக் கணக்கில் வரும்; இடைவெளி வராது. அதாவது பி. குமார் என்றால் பி, புள்ளி, கே, யு. இது தெரியாமல் நான் ஒரு மணி நேரம் தளத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது அச்சிட வேண்டும். பழைய பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் என் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பிவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தேன். உரையாடல் பட்டியல் முழுவதும் பெயர் பதியாத எண்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பிடிஎஃப். கடைக்காரர் என்னுடையதைத் தேடி உருட்ட உருட்ட, யார் யாருடைய முகமோ வந்து போனது. ஒரு வயதான அம்மா, பள்ளிச் சீருடையில் ஒரு பையன், தாடி வைத்த ஒருவர். பான், வங்கிப் பாஸ்புத்தகம், சாதிச் சான்றிதழ். பல வாரங்களின் குவியல் அது. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். காலையிலிருந்து இரவு வரை நின்று வேலை பார்ப்பவருக்கு, அழிக்க வேண்டும் என்று தோன்ற நேரம் ஏது? ஆனால் அந்தக் கணினியில் உட்காரும் எவருக்கும் அத்தனை பேரும் திறந்து கிடந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் செய்வது இது. மாஸ்க்டு ஆதாரை ஒரே ஒரு முறை, நம்பிக்கையான இடத்தில் ஐந்து பிரதி எடுத்துக்கொள்வேன். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், கடையை விட்டு வெளியே வருவதற்குள் 'எல்லோருக்கும் நீக்கு' என்பதை அழுத்திவிட்டு, "அண்ணா, பதிவிறக்கியதையும் அழித்துவிடுங்கள்" என்று சொல்லி, அவர் அழிக்கும்வரை நிற்பேன். ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை. வீணான பிரதிகளைக் கூடையில் போடாமல் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். அதன் பின்பக்கத்தில் மறுநாள் யாருக்காவது பஜ்ஜி வரும்.

எந்த நகலைக் கொடுத்தாலும் அதன் குறுக்கே நீல மையில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: யாருக்கு, எதற்கு, எந்தத் தேதி. 'சத்துவாச்சாரி வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்' என்று எழுதி, எழுத்து படத்தின் மேலும் கொஞ்சம் ஏறும்படி கையெழுத்திடுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடலாம். இது மோசடியை முழுதாகத் தடுக்காது. ஆனால் நாளை அந்த நகல் வேறெங்காவது தலைகாட்டினால், எந்த வாசலிலிருந்து கிளம்பியது என்று சொல்ல முடியும். என் பதினான்கில் ஒன்றிலாவது அப்படி எழுதியிருந்தால் காவல் நிலையத்தில் விழித்துக்கொண்டு நின்றிருக்க மாட்டேன்.

லாட்ஜ்கள், விடுதிகள்: தங்குபவரின் அடையாளத்தைச் சரிபார்ப்பது அவர்கள் கடமை, அதை மறுக்காதீர்கள். ஆனால் அடையாளம் என்றால் ஆதார் மட்டும் அல்ல. வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் எதையாவது காட்டலாம். "ஆதார்தான் வேண்டும்" என்றால் மாஸ்க்டு பிரதியை நீட்டுங்கள். அம்மாவின் இரண்டாவது பரிசோதனைக்குத் தங்கியபோது, வரவேற்பில் இருந்த பையன் முதலில் மறுத்தான். கடைசி நான்கு இலக்கமும் புகைப்படமும் முகவரியும் இருப்பதைக் காட்டியதும் பதிவேட்டில் எழுதிக்கொண்டான். அசலை வாங்கி மேசைக்குள் வைத்துக்கொள்ளும் இடத்தில் மட்டும் தங்காதீர்கள். செல்போனில் படம் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லும் தரகருக்கும் அதே பதில்தான்: இந்தாருங்கள், எழுதிக் கையெழுத்திட்ட நகல்.

4. விரலைப் பூட்டுவது, ரேஷன் கடையில் திறப்பது

ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கிலிருந்து விரல் வைத்தே பணம் எடுக்கலாம், ஓடிபி கேட்காது. கிராமத்துப் பெரியவர்களுக்கு இது வரம். ஆனால் பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகையைப் படியெடுத்து இப்படிப் பணம் திருடிய வழக்குகள் வெளி மாநிலங்களில் பிடிபட்டிருக்கின்றன.

மை ஆதார் தளத்தில் பயோமெட்ரிக் பூட்டு என்ற வசதி இருக்கிறது. ஓடிபி கொடுத்தால் ஒரு நிமிடத்தில் பூட்டிவிடலாம். அதன்பின் உங்கள் விரல், கருவிழி, முகம் எதைக் கொண்டும் யாரும் ஆதாரைச் சரிபார்க்க முடியாது, நீங்கள் உட்பட. பொறி அங்கேதான் இருக்கிறது. பூட்டிய அடுத்த வாரம் ரேஷன் கடைக்குப் போனேன். கருவி விரலை ஏற்கவில்லை. துடைத்து வைத்தேன், அடுத்த விரலை வைத்தேன். பின்னால் இருபது பேர். "சுண்ணாம்பு வேலை செய்கிறாயா அம்மா?" என்று விற்பனையாளர் அக்கறையாகக் கேட்டார். பிறகுதான் உறைத்தது. ஓரமாகப் போய் நின்று செல்போனில் தற்காலிகமாகத் திறந்துவிட்டு, மறுபடி வரிசையின் கடைசியில் நின்றேன்.

ரேஷன், ஓய்வூதியர்களின் வாழ்நாள் சான்று, புது சிம் என்று எங்கே போவதாக இருந்தாலும் கிளம்பும் முன் திறந்துகொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் தனியாக ரேஷன் வாங்குகிறார்கள் என்றால், அவர்களிடம் சொல்லாமல் பூட்டாதீர்கள்.

அதே தளத்தில் அங்கீகார வரலாறு என்று ஒன்று இருக்கிறது. கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதார் எப்போது, எந்த முறையில், யாரால் சரிபார்க்கப்பட்டது, வென்றதா தோற்றதா என்று வரிசையாகக் காட்டும். மாதம் ஒரு முறை பார்த்தால் போதும்.

5. கடன் அறிக்கையை வாங்கிப் பாருங்கள்

கடன் வாங்காதவர்களும் பார்க்க வேண்டும்; நானும் வாங்காதவள்தான். சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் நம் கடன் விவரங்களை வைத்திருக்கின்றன. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கே போய், பான் எண்ணும் ஓடிபியும் கொடுத்து வாங்குங்கள். வழியில் 'மாதச் சந்தா', 'பிரீமியம்' என்று பளபளவெனக் கதவுகள் திறக்கும். இலவச அறிக்கைக்கான இணைப்பு சின்ன எழுத்தில் எங்கோ இருக்கும், தேடுங்கள். நான்கையும் ஒரே நாளில் வாங்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வாங்கினால், ஆண்டு முழுவதும் செலவில்லாத கண்காணிப்பு.

அறிக்கையில் மூன்று இடங்களைப் பாருங்கள்: கணக்குகளின் பட்டியல், முகவரிகள், அண்மையில் உங்கள் விவரத்தைக் கேட்ட நிறுவனங்கள். என் அறிக்கையில் ஆம்பூர்ப் பக்கத்து முகவரி ஒன்று இருந்தது. நான் ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டிருக்கிறேன், குடியிருந்ததில்லை.

தவறான கடன் இருந்தால் அறிக்கை தந்த நிறுவனத்தின் தளத்திலேயே முறையீடு செய்யலாம். கூடவே, கடன் கொடுத்ததாகச் சொல்லும் நிறுவனத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் பதிவு மாறும். மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை: கடன் விண்ணப்பத்தின் பிரதி, பணம் எந்தக் கணக்குக்குப் போனது, ஓடிபி எந்த எண்ணுக்கு அனுப்பப்பட்டது. பணம் போன கணக்கு உங்களுடையது அல்ல என்று தெரிந்துவிட்டால் பாதி வழக்கு முடிந்தது. என் விஷயத்தில் அப்படித்தான் ஆனது.

முறையீடு செய்த 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதி. எனக்கு 47 நாள் ஆனது. 17 நாளுக்கு 1,700 ரூபாய் வர வேண்டும் என்று விதியைச் சுட்டிக்காட்டி எழுதினேன், வந்தது. தாமாக அனுப்புவார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். "பாதித் தொகையைக் கட்டுங்கள், முடித்துவிடுகிறோம்" என்று தொலைபேசியில் சொல்வார்கள். ஒரு ரூபாய் கட்டினாலும் அது உங்கள் கடன் என்று ஒப்புக்கொண்டதாகத் திருப்பிவிடலாம். அடுத்து, பணம் வாங்கிக்கொண்டு அறிக்கையைச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்கள். அவர்கள் கேட்கும் முதல் பொருளே உங்கள் ஆதார், பான் நகல்தான்.

6. செல்போன் எண்ணும் அதைக் கேட்பவர்களும்

லாங்கு பஜாரில் ஒரு கைக்குட்டை வாங்கினாலும் எண் கேட்கும் காலம். பில் போடச் செல்போன் எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒன்றிய நுகர்வோர் நலத் துறை 2023 மே மாதம் அறிவுறுத்தியிருக்கிறது. சண்டை போடத் தேவையில்லை. "எண் இல்லாமல் பில் போடுங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் பத்தில் எட்டு இடங்களில் போட்டுவிடுவார்கள்.

பெண்களுக்கு இது விளம்பரத் தொல்லையோடு முடிவதில்லை. வேலூருக்கு வந்த புதிதில் ஒரு ரீசார்ஜ் கடையில் நூல் கட்டிய நோட்டு ஒன்று இருந்தது. எண்ணைச் சொன்னால் போதாது, பெயரையும் எழுதச் சொல்வார்கள். நான் எழுதியபோது மேலே இருந்த வரிகளைப் படித்தேன். ஏழெட்டுப் பெண்களின் பெயரும் எண்ணும். எனக்குப் படிக்க முடிந்ததென்றால் அடுத்து வருபவருக்கும் முடியும். மூன்றாம் நாள் முதல் இரவு பத்து மணிக்கு மேல் ஓர் எண்ணிலிருந்து "சாப்பிட்டீர்களா?" என்று செய்தி வர ஆரம்பித்தது. அன்றோடு கடை ரீசார்ஜ் முடிந்தது. இப்போது செல்போனிலேயே செய்துகொள்கிறேன். செயலி தெரியாத அம்மாவுக்கும் நானே இங்கிருந்து போடுகிறேன்.

விளம்பர அழைப்புகளை நிறுத்த 1909-ஐ அழைத்துப் பதியுங்கள். வங்கியின் பெயரில் சந்தேகமான அழைப்பு வந்தால் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பகுதியில் தெரிவிக்கலாம். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு ஆறு இலக்கப் பின்னை வைத்துக்கொள்ளுங்கள். 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தில் தெரியாத கணினி இருந்தால் வெளியேற்றுங்கள். பிரவுசிங் சென்டரில் ஒரு முறை திறந்து மறந்துவிட்டு வந்த என் தோழியின் உரையாடல்கள் அங்கே இரண்டு மாதம் திறந்தே கிடந்தன.

கடன் செயலிகள்: உங்கள் தொடர்புப் பட்டியல், புகைப்படங்கள், அழைப்புப் பதிவுகளைக் கடன் செயலி தொடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேமராவையும் இருப்பிடத்தையும் அடையாளச் சரிபார்ப்புக்காக, உங்கள் ஒப்புதலோடு, ஒரு முறை மட்டும் கேட்கலாம். தொடர்புப் பட்டியலைக் கேட்கும் செயலி நாளை உங்கள் மாமியாரை அழைக்கப் போகிறது என்று பொருள். நிறுவாதீர்கள்.

உங்கள் விவரத்தை அழிக்கச் சொல்லும் உரிமையும் 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். அதுவரை "அழித்துவிடுங்கள்" என்று எழுதிக் கேட்கலாம், அதட்ட முடியாது.

7. நடந்தே விட்டதென்றால்

பணம் போயிருந்தால் முதல் அழைப்பு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு. குடும்பத்தாரிடம் சொல்வது, அழுவது எல்லாம் பிறகு. திருடப்பட்ட பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் சொன்னால் வழியில் எங்காவது முடக்கலாம். அடுத்து வங்கி. உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் நடந்த மின்னணு மோசடியை மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் உங்களுக்குப் பொறுப்பு ஏதுமில்லை என்பது ரிசர்வ் வங்கி 2017-ல் போட்ட விதி. தெரிவித்த நேரத்துக்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னால் புகார் எண், கிளையில் கொடுத்தால் முத்திரையிட்ட நகல்.

என்னைப் போலப் பணம் போகாமல் பெயர் மட்டும் போயிருந்தால், தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிந்துவிட்டு, அச்சிட்ட பிரதியோடு மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்குப் போங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். கடன் நிறுவனம் முதலில் கேட்கும் தாள் அதுதான்.

பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கே உரிய குழப்பம் ஒன்று இங்கே உண்டு. 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. ஆற்காடு, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் பலரின் ஆதாரில் இன்னும் வேலூர் மாவட்டம் என்றே இருக்கிறது. அதைப் பார்த்து வேலூரில் பதிந்தால், புகார் மாவட்டம் மாறிப் போய்ச் சேரவே ஒரு வாரம் ஆகும். இப்போது குடியிருக்கும் மாவட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: புகாரின் அச்சு, கடன் அறிக்கையில் அந்தக் கடன் இருக்கும் பக்கம், உங்கள் வங்கிக் கணக்கின் அந்த மாத அறிக்கை, நிறுவனத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள், நகல் கொடுத்த இடங்களின் பட்டியல். நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் சரியில்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448-ல் விவரம் சொல்வார்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

தீர்ந்த பிறகு, கடன் உங்களுடையது அல்ல என்று நிறுவனத்தின் தலைப்புத் தாளில் கடிதம் கேட்டு வாங்குங்கள். தொலைபேசி வார்த்தை போதாது. வாராக் கடன்களை நிறுவனங்கள் வசூல்காரர்களிடம் ஒப்படைப்பது வழக்கம். பட்டியல் மாறிய செய்தி அவர்களுக்குப் போய்ச் சேராது. எல்லாம் முடிந்து எட்டாவது வாரம் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. அதே 18,500, வட்டியோடு 26,000. நான் எதையும் விளக்கவில்லை. மின்னஞ்சல் முகவரியை வாங்கிக்கொண்டு வைத்துவிட்டேன். கடிதத்தை நகல் எடுத்து, குறுக்கே நீல மையில் அந்த நிறுவனத்தின் பெயரையும், 'இந்தப் புகாருக்கு மட்டும்' என்பதையும், தேதியையும் எழுதி, கையெழுத்திட்டு அனுப்பினேன்.